நாயின் தட்டில் இல்லாதது

கடையில் விற்கும் பாக்கெட் தீவனத்தை நிறுத்திவிட்டு, வளர்ப்பு நாய்க்கு வீட்டிலேயே சமைத்துப் போடுகிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சமையல் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிசி, எலும்பில்லாத கோழிக்கறி, ஒரு கேரட், நாலைந்து பீன்ஸ், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். குக்கரில் நான்கு விசில். ஆறியதும் மேலே ஒரு கரண்டி தயிர். உப்பு இல்லை, காரம் இல்லை, எண்ணெய் இல்லை. இது அசல் பத்தியச் சாப்பாடு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாய்க்கு மூன்று நான்கு நாள் கொடுக்கச் சொல்லிக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான். அந்தச் சில நாள் உணவு பல வீடுகளில் ஆயுள் முழுக்கத் தொடர்ந்துவிடுகிறது. நாய் விரும்பித் தின்கிறது, தட்டை நக்கித் துடைத்து வைக்கிறது, மலம் ஒழுங்காகப் போகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வீட்டாருக்குத் தோன்றுவது இயல்பே. வேண்டியது நிறைய இருக்கிறது. அது தட்டில் இருக்கிறதா இல்லையா என்பதைத் தட்டைப் பார்த்தோ நாயின் பசியைப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. நிறுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். நாய்க்குச் சமைப்பதில் தவறே இல்லை. அளவு பார்க்காமல் சமைத்து, அதையே வருடக்கணக்கில் போடுவதுதான் தவறு.

பத்துக் கிலோ எடையுள்ள, வளர்ச்சி முடிந்த நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டோடு இருந்து, காலையும் மாலையும் நடைக்குப் போய்வரும் அந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி போதும். வெந்த சோறு 300 கிராம், வெந்த எலும்பில்லாக் கோழி 130 கிராம் என்று வைத்தால் அந்தக் கலோரி கிடைத்துவிடும். புரதமும் குறைவில்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு? சோற்றில் 30 மில்லிகிராம், கோழியில் 20 மில்லிகிராம். மொத்தம் 50. தீவனத் தரத்துக்கு உலகின் பல நாடுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோலின்படி இந்த நாய்க்கு வேண்டியது 750 மில்லிகிராம். பதினைந்தில் ஒரு பங்குதான் தட்டில் இருக்கிறது. நூறு கிராம் தயிர் சேர்த்தால் இன்னொரு 120 மில்லிகிராம் வரும். அப்போதும் கால் பங்குகூட எட்டாது. ராகி சேர்க்கலாமே என்று உடனே கேட்பார்கள். ராகி நல்ல தானியம்தான். ஐம்பது கிராம் மாவில் 170 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அந்தச் சத்தில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாயின் உணவில் பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து குறையக் கூடாது. சோறும் கோழியும் மட்டும் உள்ள தட்டிலோ பாஸ்பரஸ் எட்டு மடங்கு அதிகம். துத்தநாகத்தைப் பார்த்தால் வேண்டியது 12 மில்லிகிராம், கிடைப்பது மூன்றுகூட இல்லை. வைட்டமின் டி, வைட்டமின் இ, அயோடின், தாமிரம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் கதை இதுதான்.

இந்தக் குறை ஏன் கண்ணில் படுவதில்லை? உணவில் சுண்ணாம்புச் சத்து வராதபோது, கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து அதை உருவி இரத்தத்தில் சேர்க்கின்றன. இதயம் துடிக்கவும் தசை அசையவும் இரத்தத்தில் அது குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும் என்பதால் உடல் எலும்பைக் கரைத்து அந்த அளவைக் காப்பாற்றுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரும். எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பு மெலிந்திருப்பது தெரியும். நாள்பட்டால் தாடை எலும்பு இளகிப் பற்கள் ஆடும். குட்டியாக இருந்தால் கால் வளையும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். துத்தநாகக் குறையோ தோலில் தெரியும். கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்குத் தட்டும், பாதத்தின் அடித்தோல் தடித்து வெடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் படுக்கவைத்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதும் நாய்க்குப் பொருந்தாது. நம் தோல் வெயில் பட்டு அந்த வைட்டமினைத் தயாரித்துக்கொள்வதுபோல நாயின் தோலால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. நாய்க்கு அந்த வைட்டமின் உணவின் வழியாகத்தான் வர வேண்டும்.

ஒரு தட்டை மட்டும் வைத்து நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் வெளிவந்த 200 நாய் உணவுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 95 விழுக்காடு குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைவு. 83 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள். தேறிய சில குறிப்புகளில் பெரும்பாலானவை கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. மருத்துவர் எழுதிய எல்லாமே தேறிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு குறிப்புகளைப் பற்றியது, வீட்டில் உண்மையில் நடப்பதைப் பற்றியதல்ல என்று ஒருவர் மறுக்கலாம். 2025இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு அதையும் பார்த்தது. நாய்களின் முதுமையை ஆராயும் பெருந்திட்டத்தில் சேர்ந்திருந்த உரிமையாளர்கள் தாங்கள் உண்மையில் சமைத்துப் போடுவதாகச் சொன்ன 1,700க்கும் மேற்பட்ட உணவுமுறைகளில், முழுமையான சத்துக்கு வாய்ப்பாவது இருந்தவை 6 விழுக்காடு மட்டுமே. நாயின் மீது அக்கறை இல்லாதவர்கள் இத்தகைய திட்டங்களில் சேர்வதில்லை. அக்கறையோடு நேரமும் பணமும் செலவழிக்கிறவர்களின் சமையல்தான் இப்படி இருக்கிறது. எனவே சோம்பலைக் குறைசொல்ல இடமில்லை. பசிக்கு நிறைவாகச் சமைப்பதும் சத்துக்கு நிறைவாகச் சமைப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவது நமக்குக் கைவந்தது. இரண்டாவதை நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இதைச் சொன்னதும் வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். தாத்தா காலத்து நாய் பழைய சோறும் கஞ்சியும் குடித்துத்தானே பதினைந்து வருடம் வாழ்ந்தது? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நாய் தின்றது பழைய சோறு மட்டுமா? திண்ணையில் சோறு தின்ற நாய் பகலெல்லாம் ஊர் சுற்றியது. எலி பிடித்தது, ஓணான் பிடித்தது, வயலில் வெட்டுக்கிளியைத் துரத்தித் தின்றது. ஆடு அறுத்த இடத்தில் எலும்பையும் சவ்வையும் இழுத்துப் போனது. மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடிக்குக் காத்திருந்தது. மீன் கழுவிய இடத்தில் தலையும் செதிலும் பொறுக்கியது. சொல்லக் கூசும் வேறு சிலவற்றையும் தின்றது. சிப்பிப்பாறையும் கோம்பையும் வேட்டைக்குப் போன நாய்கள். நாம் போட்ட சோறு அவற்றின் உணவில் ஒரு பகுதி, எஞ்சியதை நாய் தானே தேடிக்கொண்டது. மூன்றாம் மாடி அடுக்ககத்தில் கழுத்துப் பட்டையோடு வாழும் நாய்க்கு அந்த வழியெல்லாம் அடைபட்டுவிட்டது. தெருவில் எதையாவது முகர்ந்தாலே இழுத்துக்கொண்டு போகிறோம், அது சரியும்கூட. ஆனால் அதன்பின் அந்த நாய்க்கு உலகத்திலிருந்து கிடைப்பதெல்லாம் நாம் வைக்கும் தட்டில் இருப்பது மட்டுமே. தட்டில் ஒரு சத்து இல்லையென்றால் அதன் வாழ்க்கையிலேயே அது இல்லை. இன்னொன்று, தாத்தா வீட்டு நாய் ஈன்ற ஆறு குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பிழைத்த ஒன்றைத்தான் குடும்பம் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு பாக்கெட் தீவனத்தின் மேல் உள்ள நம்பிக்கையின்மை. இதற்கும் காரணம் இருக்கிறது. 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து கூட்டமாகச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், பரிசோதனையில் புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். மெனு ஃபுட்ஸ் என்ற கனடிய நிறுவனம் மட்டும் ஆறு கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. வீட்டுச் சமையலுக்குப் பலர் மாறியது அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான். 2018இல் தானியமே சேர்க்காமல் பட்டாணியும் பருப்பும் போட்டுத் தயாரித்த விலையுயர்ந்த தீவனங்களுக்கும் நாய்களின் இதய வீக்க நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆராயத் தொடங்கியது. நம் நாட்டிலோ 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு என்ற வரையறைக்குள்ளேயே விலங்குத் தீவனத்தைச் சேர்க்கவில்லை. ஆகவே பாக்கெட்டைச் சந்தேகிப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பாக்கெட்டின் குற்றம் நம் தட்டை முழுமையாக்கிவிடாது. தீவனத்தில் தவறு நேர்ந்தால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நாய்கள் நோயுறும், செய்தியாகும், சரக்கைத் திரும்பப் பெறுவார்கள். நம் அடுக்களையில் நேரும் தவறு ஒரே ஒரு நாயைப் பாதிக்கிறது. அது வேறெங்கும் பதிவாவதில்லை, யாரும் வந்து சொல்வதுமில்லை. நான்கு வருடம் கழித்து எலும்பு முறியும்போது, வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

சோறே கூடாது, நாய் ஓநாயின் வாரிசு, பச்சை இறைச்சிதான் அதன் இயற்கை உணவு என்பவர்களுக்கும் ஒரு பதில் தேவை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருப்பதைக் காட்டியது. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவனோடு சேர்ந்து நாயின் குடலும் மாறிவிட்டது. வெந்த சோறு நாய்க்கு நன்றாகவே செரிக்கும். சைவ வீடுகளின் நிலைமையும் நம்பிக்கையற்றதல்ல. பூனைக்கு இறைச்சியில்லாமல் முடியாது. நாய் கேரட்டின் நிறமிப்பொருளிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும், உணவில் வரும் அமினோ அமிலங்களிலிருந்து டாரின் தயாரித்துக்கொள்ளும். ஆனால் சைவத் தட்டுக்குக் கணக்கு இன்னும் கடினம். தயிர்ச்சோறு மட்டும் என்பது அந்தக் கணக்கில் எந்த வகையிலும் தேறாது.

குறை என்று கேள்விப்பட்டதும் கையில் கிடைத்ததைக் கொட்டுவது அடுத்த ஆபத்து. மருந்துக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி, ஏற்கெனவே முழுச்சத்துத் தீவனம் தின்னும் குட்டிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. வளர்ந்த நாயின் குடல் மிகையான சுண்ணாம்புச் சத்தை ஓரளவு தள்ளிவிடும், சின்னக் குட்டியின் குடலால் அது முடியாது. கிரேட் டேன் குட்டிகளை வைத்து நெதர்லாந்தில் 1980களில் நடந்த ஆய்வுகள், அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்து எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்குவதைக் காட்டின. ஈரல் நல்லதென்று தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தலையும் காலும் வாங்கிக் குக்கரில் வேகவைக்கிறவர்கள், எலும்பிருப்பதால் சத்தும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்கலாம். எவ்வளவு என்பதுதான் தெரியாது. ஒரு நாள் மிகை, ஒரு நாள் குறை, தோலின் கொழுப்பு தினமும் மிகை. அந்தக் கொழுப்பால் கணையம் வீங்கினால் நாய் படும் வேதனை கொடியது. வெந்த எலும்பு ஊசியாகச் சிம்பு விட்டுக் குடலைக் கிழிக்கும் என்பதையும், வெங்காயமும் பூண்டும் எந்த வடிவத்தில் இருந்தாலும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதையும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் ஓரளவு பலர் அறிந்திருக்கிறார்கள். ஆனாலும் சாம்பாரில் கிடந்த சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டுச் சாறை மட்டும் சோற்றில் ஊற்றினால் தோஷமில்லை என்ற நம்பிக்கை விட்டபாடில்லை. அந்தச் சாறிலும் அதே நஞ்சு இறங்கியிருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் கிராமில் அளந்துகொண்டிருந்தால் அதில் பாசம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு நெடுநாள் ஆய்வைச் சொல்ல வேண்டும். 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்தே இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றொன்றுக்குக் கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைத்துக் கொடுத்த நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் குறைத்துக் கொடுத்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. கண்ணைக் கெஞ்சவைத்து நாய் கேட்கும் அந்த இன்னொரு கரண்டியின் விலை ஏறக்குறைய இரண்டு வருட ஆயுள். பாசம் உள்ளவர்கள்தான் தராசை எடுக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் பேசிவிடலாம். இது வசதியுள்ளவர்களின் பேச்சு என்று தள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் இல்லாமல் போகும் சத்துகளில் மிகப் பெரியது நாம் குப்பையில் போடும் பொருளில் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஓட்டைக் கழுவி, கொதிநீரில் சில நிமிடம் போட்டு, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்தால் போதும். மேலே சொன்ன பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அதில் அரைத் தேக்கரண்டிகூட வேண்டாம், இரண்டு கிராம் போதும். ஓட்டில் பாஸ்பரஸ் அநேகமாக இல்லை என்பதால் கோழியும் சோறும் கொண்டுவரும் பாஸ்பரஸ் மிகையையும் அது ஈடுகட்டும். மத்தி மீன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் வைட்டமின் டியில் ஒரு பகுதி வரும். இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் இ, அயோடின் ஆகியவற்றின் குறை அப்படியே நிற்கும் என்பதை மறைக்க மாட்டேன். அவற்றுக்கு நாய்க்கென்றே தயாரித்த கலவைதான் வழி, அதன் அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை ஒரு சிட்டிகை போடுவது கூடவே கூடாது.

இங்கேதான் நம் அரசு நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. தீவனக் கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிடும் ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்னும் சுமார் 110 கிராம் தீவனத்தில் ஏறக்குறைய நான்கு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும்படி கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் நிறுத்துக் கலக்கிறார்கள். துத்தநாகமும் வைட்டமின்களும்கூட அப்படியே. அளவு தவறினால் ஓடு மெலிந்து முட்டை உடையும், பணம் போகும் என்பதால் அங்கே யாரும் கண்ணளவில் கலப்பதில்லை. கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை எத்தனை கிராம் என்று கிராமத்தில் பால் ஊற்றுகிறவர்களுக்கும் தெரியும், அதைச் சொல்லிக் கொடுத்தது கால்நடைத் துறைதான். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. நாயின் தட்டுக்கும் அதே கணக்கைப் போட்டுத் தமிழில் அச்சிட்டுத் தர அவற்றால் முடியும். பொன்னி அரிசி, ராகி, கோழி, ஈரல், முட்டை, மத்தி, பூசணி, முருங்கைக்கீரை என்று இங்கே கிடைக்கிற பொருளை வைத்து, ஐந்து கிலோ நாய்க்கு, பத்துக் கிலோ நாய்க்கு, இருபத்தைந்து கிலோ நாய்க்கு என்று தனித்தனியாக, சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று, எல்லாம் கிராமில். கூடவே மாட்டுக்கு இருப்பதுபோல நாய்க்கும் மலிவு விலையில் ஒரு சத்துக் கலவை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் வெறிநாய்த் தடுப்பூசி போடவரும்போதே அந்தத் தாளைக் கையில் கொடுக்கலாம். இப்போது அந்த இடத்தை யூடியூப் காணொளிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் எடையே சொல்வதில்லை, கொஞ்சம் கேரட், கைப்பிடி கீரை என்பதோடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தாள் கைக்கு வரும்வரை வீடுகளில் செய்யக்கூடியது என்ன? குட்டிக்கும் சினையாக இருக்கும் நாய்க்கும் மருத்துவரின் எழுத்துமூலக் குறிப்பில்லாமல் வீட்டுச் சமையலை மட்டும் நம்பக் கூடாது. வளரும் குட்டிக்குக் கலோரிக்குக் கலோரி சுண்ணாம்புச் சத்து இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், தவறைத் திருத்திக்கொள்ள அதன் எலும்பு அவகாசம் தராது. வளர்ந்த நாய்க்குச் சமைக்கிறவர்கள் ஒரு வாரம் போடுவதை அப்படியே நிறுத்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். சோறும் கோழியும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எந்த மருத்துவராலும் கணக்குப் போட முடியாது. கணக்கெல்லாம் இயலாது என்பவர்கள், முழுச்சத்து என்று குறித்திருக்கும் தீவனத்தையே முதன்மை உணவாக வைத்துக்கொண்டு, அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வீட்டு உணவைச் சேர்க்கலாம். அந்த அளவில் எந்தக் குறையும் பெரிதாக வந்துவிடாது. தெருநாய்களுக்கு இரவில் சோறு கலந்து கொண்டுபோகிறவர்களை இந்த வாதத்தைச் சொல்லி யாரும் தடுக்க வேண்டாம். பசித்த நாய்க்கு முதலில் வேண்டியது கலோரி, மற்றதைத் தெருவில் அது ஓரளவு தேடிக்கொள்ளும். வெங்காயமும் வெந்த எலும்பும் அந்தச் சோற்றில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.